சிவப்புத் துணி கட்டிய லைன்

அன்புள்ள வாலுவுக்கு, அம்மா எழுதுவது. ஆய்வுக்கூடத்துக் குளிரில் ஸ்வெட்டரை மறக்காமல் போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம். அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மறதிதான் முற்றிக்கொண்டே போகிறது.

போன தடவை நீ கூப்பிட்டபோது, டெலிபோன் ஆபீஸ் வேலையில் இருந்த நாள் நினைப்பில், "சொல்லுங்க மேடம், லைன்ல என்ன கோளாறு"ன்னு அப்பா கேட்டதும் போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு கூப்பிடவே இல்லை, என் செல்போனுக்குச் செய்தி மட்டும் வருகிறது. உன்மேல் கோபம் இல்லையடி, பெற்ற அப்பா மேடம் என்றால் எந்தப் பெண்ணுக்குத் தாங்கும், அன்று நானும் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நோய் என்று தெரிந்த புதிதில் நீ எங்களை உட்காரவைத்துச் சொன்னாயே, மூளையில் நரம்புகளுக்குத் துணையாக இருக்கிற செல்கள் சின்ன வயதில் உதவாத இணைப்புகளைக் கத்தரித்துச் சீராக்கும், இந்த நோயில் அதே செல்கள் வேண்டிய இணைப்பையும் விழுங்கிவிடும் என்று. அப்பா அதற்கும் சிரித்தார். "எங்க லைன்மேன் வேலைதான். ஆளில்லாத வீட்டு லைனைக் கழட்டுவோம், ஆஸ்பத்திரி லைன்னா தவறி வெட்டிடக் கூடாதுன்னு சிவப்புத் துணி கட்டுவோம்" என்றார். மூளையிலும் 'இதைத் தொடாதே' என்று சொல்லும் அடையாளம் உண்டு அப்பா என்று நீயும் சொன்னாய்.

நேற்று ஹாலைப் பெருக்கும்போது பார்க்கிறேன், நம் போன் ஒயரில் சிவப்புத் துணி. என் புதுத் தலையணை உறையைக் கிழித்திருக்கிறார், மனுஷனுக்கு வேறு துணியே கிடைக்கவில்லை. என்ன இது என்று அவிழ்க்கப் போனேன். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு பொண்ணு பேசும். யாருன்னு ஞாபகம் வரல. இதை மட்டும் வெட்டிடாதீங்க சார்" என்று கெஞ்சினார். என்னைத்தான் சார் என்றார். வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு நானே இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

கூப்பிடு கண்ணே. மேடம் என்றாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு கோளாறு சொல், அவர் சரிசெய்து தரட்டும். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மறக்காதே, என் செல்போனுக்கு வேண்டாம், ஹால் போனுக்கே கூப்பிடு. மணி அடித்தால் அவர்தான் ஓடிப்போய் எடுக்கிறார்.

இப்படிக்கு,
சார் ஆகிப்போன உன் அம்மா