ரெண்டு பேரும் வந்தாச்சு

மே 12

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் விட்டால் கை மேலே எழுத மறுக்கிறது. சரி, நலமா?

நீங்கள் தினமும் ஃபோன் செய்வதாகத் தங்கை சொன்னாள். என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்கள் சொல்லி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் நடுவில் புக முடியாது. அதனால்தான் இது.

கால்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. நேற்று நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரே பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர்களை "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அதட்டியவள் நான். எனக்கே இருமலை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. படம் எடுக்கும் முன் அந்தப் பெண், "உங்க பேரை நீங்களே சொல்லுங்க" என்றாள். தங்கை பக்கத்தில்தான் நின்றாள், அவளைக் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். கப்பலில் மட்டும் உங்களைக் கேட்டார்கள்.

நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லும் கதையில் நான் எங்கே இருந்தேன் என்றே இல்லையாம். அதனால் நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கப்பல் ஏறிய அன்றே ஆபத்துக்கால ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "நீ படு, நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றீர்கள். வாசலில் நின்ற அதிகாரியிடம், "அவளுக்குத் தலைவலி" என்றீர்கள். எனக்கு எந்தத் தலைவலியும் இல்லை. திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, ஆபத்துன்னா மஞ்சச் சட்டை போட்டுக்கணுமாம், அவ்வளவுதான்" என்றீர்கள். சட்டை எங்கே, எந்தப் படிக்கட்டு, எந்தப் படகு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சட்டை இருந்த அலமாரிக்கு முன்னால் நம் பெரிய பெட்டியை நிறுத்தியதும் நீங்கள்தான்.

எஞ்சின் அறையில் தீப்பிடித்து மணி அடித்தபோது நீங்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் குளியலறையில் இருந்தேன். கப்பல் சாய்ந்ததில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. ஊர்ந்து வெளியே வந்தால், பெட்டி சரிந்து அலமாரியையும் அறைக் கதவையும் சேர்த்து அடைத்துக் கிடந்தது. கதவிடுக்கில் புகை. அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன், நடையில் ஒரு பெண் ஓடி வந்தாள். பக்கத்து அறையைத் தட்டினாள், அடுத்தது நம் அறை, தட்டவில்லை. தாண்டிப் போய்விட்டாள். நான் கத்தினேன். அந்த மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் ஏன் தட்டவில்லை என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. படகு ஏறும் இடத்தில் அறை எண்களைக் கூப்பிட்டபோது நீங்கள் கையைத் தூக்கி, "ரெண்டு பேரும் வந்தாச்சு" என்றிருக்கிறீர்கள். ஆள் வந்துவிட்ட அறையைத் திறந்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவளுக்கு உத்தரவு.

உங்கள் தோல் ஷூவால் கதவை இடித்துக்கொண்டே இருந்தேன். கப்பலின் சலவைக்காரர் ஒருவர் கேட்டு வந்து கதவை உடைத்து, முதுகில் சுமந்து போய்க் கடைசிப் படகில் போட்டார்.

நான் இல்லாத படகில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் என்ன நினைத்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


மே 19

என் மகாராணிக்கு,

உன் கடிதம் பார்த்ததும் கடையை மத்தியானமே சாத்திவிட்டேன். கண் பரிசோதனைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது இதுதான் முதல் தடவை.

நீ பின்னால் வந்துகொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. நீ எப்போதும் என் பின்னால்தானே வருவாய்? கூட்டத்தில் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "ஒருத்தர்தான்" என்றால் ஏதாவது கலாட்டா பண்ணுவார்கள், அதற்குள் நீயே வந்துவிடுவாய் என்று வாயில் வந்துவிட்டது. பழக்கதோஷம். படகில் உன்னைத் தேடியபோது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதற்கு மேல் கேட்காதே.

நீ கவலைப்பட வேண்டாம், இங்கே எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் மோட்டாரைச் சரிபண்ணியாயிற்று. "அம்மாவுக்கு அதிர்ச்சி, கொஞ்ச நாளில் தெளிந்துவிடுவாள்" என்று மகளிடமும் சொல்லிவிட்டேன். விசாரணைக் குழுவிலிருந்து நம் இருவருக்கும் தனித்தனியாகக் கேள்விகள் வந்திருந்தன. உன்னை ஏன் தொந்தரவு பண்ண வேண்டும்? உனக்கும் சேர்த்து நானே எழுதி அனுப்பிவிட்டேன். உன் கையெழுத்து எனக்கு அத்துப்படிதானே! நீ என்னோடு படகு வரைக்கும் வந்தாய், எதையோ எடுக்கத் திரும்பி அறைக்குப் போனாய் என்று எழுதியிருக்கிறேன். யார் மேலும் பழி இல்லாமல் முடிந்துபோகும்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு. கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வா.

என்றும் உன்,
கண்ணாடிக்காரன்


மே 27

கண்ணாடிக்காரருக்கு,

யார் மேலும் பழி இல்லையா?

நேற்று தங்கை வீட்டு ஃபோனுக்கு ஒரு பெண் பேசினாள். நம் தளத்து அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரித்தவள். நம் கதவைத் தாண்டிப் போனவளும் அவள்தான், அதன் பிறகு படிக்கட்டில் நின்று யாரும் திரும்பி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். சலவைக்காரரிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறாள். "அக்கா, நான் உங்கள உள்ள விட்டேனா? எப்பக்கா விட்டேன்? நான் உங்க மூஞ்சியவே பாக்கலியே!" என்று அழுதாள். தடுக்கத் தவறினாள் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதை வைத்து என்று கேட்டால், பயணியே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நான்! நான் எழுதிக் கொடுத்தேனாம்!

இது புதிது இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து "எங்க வலிக்குது?" என்றால், "அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், சும்மா அசதி" என்பீர்கள். ஹோட்டலில் நான் மெனு அட்டையைப் பிரிப்பதற்குள், "அவளுக்குக் காரம் ஆகாது" என்பீர்கள். எனக்குக் காரம் பிடிக்கும் என்பது சர்வருக்குக் கூடத் தெரியும். மேற்பார்வையாளர் பதவிக்கு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோது, "அவளால அலைய முடியாது" என்று நீங்களே ஃபோனில் சொன்னீர்கள். அதையெல்லாம் பாசம் என்று சொல்லி என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். இப்போது என் கையெழுத்தைப் போட்டு ஒரு பெண்ணின் சோற்றில் மண் அள்ளிப் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி நேரடி விசாரணை. நான் போகிறேன். நீங்களும் வந்து, என்ன சொன்னீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் அதோடு சரி. இனி நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

உங்கள் மனைவி


ஜூன் 2

உனக்கு,

என்ன பேச்சு இது? நான் குடித்தேனா, அடித்தேனா? இந்த வயதில் என்னைக் கூண்டில் ஏற்றிப் பார்க்க வேண்டுமா? அந்தப் பெண்ணுக்கு வேறு கப்பலில் வேலை கிடைக்கும். எனக்கு வேறு முகம் கிடைக்குமா?

பேப்பரில் என்ன போடுவான் என்று யோசித்தாயா? "மனைவியை விட்டுவிட்டுப் படகு ஏறினார்" என்று போடுவான். கடைக்கு வருகிற ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் நேரே உட்கார்ந்துதான் நான் பிழைக்கிறேன். எப்படி உட்காருவேன்?

நான் உன்னை விட்டுவிட்டு வரவில்லை. அது உனக்குத் தெரியும்.

வருகிறேன். என்ன சொல்வேன் என்று இப்போது கேட்காதே.

கண்ணாடிக்காரன்


ஜூன் 13

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா?

விசாரணை அறையில் குழுத் தலைவியம்மா என்னைப் பார்த்து, "உங்க அறை எந்தத் தளத்துல இருந்தது?" என்றதும், பின்வரிசையிலிருந்து "ஆறாவது தளம்ங்க!" என்று ஒரு குரல். சிரிப்பு வந்தது, அறையலாம் போலவும் வந்தது. "அவங்களே சொல்லட்டும் சார்" என்று அந்தம்மா சொன்னபோது, என் உடம்பில் எங்கோ ஒரு சுளுக்கு விட்ட மாதிரி இருந்தது. அப்புறம் நான் ஒன்றும் விடாமல் சொன்னேன், அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்பதையும் சேர்த்து.

பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். "படகடியில எத்தனை பேருன்னு சொன்னீங்க?" எல்லாருக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் சொல்ல வேண்டும் என்று பார்த்தீர்கள். எனக்கு வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கடைசியில், "நான் ஒருத்தன்தாங்க இருந்தேன். ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். கடிதமும் நான் எழுதினதுதான்" என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் நாற்காலியில் அப்படியே குனிந்து அழுதாள்.

நீங்கள் சொன்னது பெரிய காரியம். அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வரலாமா என்று மனசு இரண்டு நாளாகக் கேட்கிறது.

இன்னொரு செய்தி. இங்கே துறைமுகத்தில் கப்பல் ஊழியர்களுக்கான பயிற்சிக்கூடம் இருக்கிறது. படகு இறக்கும் ஒத்திகையில் பயணியாக நிற்பதற்கு, உண்மையிலேயே மாட்டிக்கொண்டு பிழைத்தவர்கள் வேண்டும் என்று அங்கே தேடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும், கூட வந்தவர் சொன்னால் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று விசாரணையில் சொன்னேன் அல்லவா? அதையும் வந்து சொல்லித் தரச் சொல்கிறார்கள். எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் முடிவு சொல்வதாக இருக்கிறேன். உங்களுக்கும் யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி


ஜூன் 20

என் மகாராணிக்கு,

உன் கடிதத்தை மகளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டேன். ஒரு வழியாக மனசு இறங்கினாயே!

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குக் கார் சொல்லிவிட்டேன். டிக்கெட்டும் போட்டாயிற்று, இதோடு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நீ வேலைக்குச் சேருவதாக எக்ஸ்ரே பிரிவில் போய்ச் சொல்லிவிட்டேன். உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. கேட்கிறவர்களிடமெல்லாம் வந்துவிடுவாள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அந்தப் பயிற்சிக்கூடத்திலிருந்து நேற்று வீட்டுக்கு ஃபோன் வந்தது. முறிந்த காலை வைத்துக்கொண்டு உனக்கு எதற்குப் படகும் தண்ணீரும்? மரியாதையாகவே சொல்லிவிட்டேன், "அவளுக்கு அதெல்லாம் சரிப்படாதுங்க" என்று. அவர்களும் புரிந்துகொண்டார்கள். உனக்கு ஒரு தலைவலி மிச்சம்.

என்றும் உன்,
கண்ணாடிக்காரன்


ஜூன் 25

உங்களுக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கார்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாவம், வந்து நிற்பார்.

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே எனக்கு விஷயம் தெரியும். கட்டுப் பிரித்த அன்றே ஆசையோடு பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா விழித்தார். "உங்க வீட்டுக்காரர் நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாரே, வேற ஆள் போட்டுட்டமே" என்றார். நான் அந்த வாசலில் நின்று கத்தினேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விசாரணையில் அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மனிதர் பத்தே நாளில் மறுபடியும் அதையே செய்கிறார். அதுவும் சந்தோஷமாக, எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு! கப்பலில் நீங்கள் பயத்தில் சொன்னீர்கள். அதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன். இதை என்ன சொல்ல? நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் என் கோபமே. கெட்டவராக இருந்தால் எப்போதோ சண்டை போட்டுப் பிரிந்திருப்பேன்.

வேறு ஆள் போட்டால் என்ன, எனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கொடுத்தார்கள். நேற்று லைஃப் ஜாக்கெட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டப் பழகினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஜாக்கெட்டை மார்போடு அணைத்து, நேராகத் தண்ணீரில் குதிக்க வேண்டும். கால் தேறியதும் குதிப்பேன். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் ஆள் தேவை என்றார்கள், நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

நான் வரவில்லை. மகள் கேட்பாள், எக்ஸ்ரே பிரிவில் கேட்பார்கள், கடைக்கு வருகிறவர்களும் கேட்பார்கள். வந்துவிடுவாள் என்று சொல்லாதீர்கள். வரமாட்டாள் என்றும் நீங்கள் சொல்ல வேண்டாம். என் நம்பரைக் கொடுங்கள். நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்