பெரியவளுக்கு ஒரு நல்ல காலை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் பெரியவளுக்குத் தீவனம் ஊறவைத்துக் கொடுத்தேன். பல் தேய்ந்துபோனதால் காய்ந்த புல்லை அவளால் அரைக்க முடிவதில்லை. மென்று மென்று உருண்டையாக்கித் துப்பிவிடுகிறாள். கூழாகக் கரைத்து, கேரட்டைத் துருவிப் போட்டால்தான் உள்ளே போகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கப் போவதற்கு முன் இது என் வேலை. வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவன் கையில் ஒரு வேலையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோபாவுக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

இந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று மாமியார் உள்ளேயிருந்து, “பெரியவ சாப்பிட்டாளான்னு யாராவது பாருங்க” என்று குரல் கொடுத்தார். தனக்கு அக்கா இருப்பதை மனைவி என்னிடம் சொல்லவே இல்லையே என்று விழித்தேன். பிறகு பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். செம்பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைத் திட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை. “இதுதான் எங்க அக்கா.” நாலு கால் உள்ள மைத்துனி எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை.

சும்மா சொல்லவில்லை, அக்காதான். என் மனைவி பிறப்பதற்கு முந்தின வருஷம் குட்டியாக வந்தவள். மாமனாரின் செடிப்பண்ணைக்கு வேன் வரும்வரை, தொட்டிச் செடி வண்டியைத் தெருத்தெருவாக இழுத்துப்போனவள். இப்போது ஓய்வு. துணைக்கு ஒரு ஆடு, பெயர் வாலு.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் பெரியவள் வேலியோரம் படுத்துக் கிடந்தாள். முன்காலை ஊன்றுகிறாள், பின்பக்கம் எழவில்லை. மறுபடி ஊன்றுகிறாள். மாமனார் தோளைத் தாங்க, நான் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க, எப்படியோ எழுந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை.

“ஈரம். வழுக்கிடுச்சு” என்றார் மாமனார்.

தரை காய்ந்துதான் கிடந்தது. எங்கள் இருவருக்கும் பேச்சே குறைவு. “சாப்டீங்களா மாப்ள?” “ஆச்சு மாமா.” அதோடு அன்றைய கணக்கு முடிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கால்நடை டாக்டர் வந்தார். பெரியவளை இந்தப் பத்து வருஷமாகப் பார்க்கிற அம்மாள். குளம்பைத் தட்டிப் பார்த்தார், முட்டியை மடக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார்.

“மூட்டு ரொம்பத் தேஞ்சிருக்கு. வலி மருந்தைக் கூட்டித் தர்றேன், கொஞ்ச நாள் ஓடும். ஆனா தானா எழுந்திரிக்கிறாளா, தீவனம் உள்ள போகுதா, நீங்க வந்தா திரும்பிப் பாக்கிறாளா, இதையெல்லாம் கவனிச்சுக்கிட்டே இருங்க. மழை ஆரம்பிச்சுச் சேறாகிறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க.”

“என்ன முடிவு? அது தானா போகும் டாக்டர்” என்றார் மாமனார்.

“தானா போறதுன்னா தூக்கத்துல போறதுன்னு நினைக்கிறோம். குதிரைக்கு பெரும்பாலும் அப்படி அமையறதில்லீங்க. விழுந்து, எழ முடியாம, காலை அடிச்சுக்கிட்டே கிடக்கும். நாம ஊசி போட்டு முந்திக்கிட்டா நமக்கு வருத்தம். பிந்திட்டா அவளுக்கு வலி.”

மாமனார் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். ஏற்கெனவே விட்டிருந்த செடிகளுக்கே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புது மருந்து வேலை செய்கிறது. பெரியவள் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து, வாலுவின் பங்கையும் பிடுங்கித் தின்றாள். வீட்டில் எல்லோருக்கும் முகத்தில் வெளிச்சம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துணி உலர்த்தும்போது மனைவி சொன்னாள்: “அப்பாகிட்ட நீ பேசு. நான் பேசினா அழுவேன். நான் அழுதா அவரும் அழுவார். விஷயம் அங்கேயே நின்னுடும்.”

“நான் வெளியாளு.”

“அதனாலதான் சொல்றேன்.”

மாமியாரிடம் போனால் அவரும் அதே பாட்டு. “தினமும் அவ வாயில என்ன போகுது, என்ன வெளிய வருதுன்னு பாக்கிறது நீங்கதானே மாப்பிள்ளை? அவரு அவளைத் தடவிக் கொடுக்கிறாரு. பாக்கிறதில்லை.”

எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வந்து மூன்று வருஷம். அவர் கையால் வளர்த்த உயிர். ஆனால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு முடிவுதானே?

ஆகஸ்ட் 15, வெள்ளி

மறுபடி விழுந்துட்டா. எவ்வளவு நேரமா கிடந்தாளோ தெரியல. நாங்க எழுந்து போறப்போ முன்கால் முட்டி உரசி ரத்தம் — புல்லெல்லாம் பிடுங்கிப்போய் மண் தெரியுது, அவ்வளவு அடிச்சிருக்கா. வாலு பக்கத்துல நின்னு கத்திக்கிட்டே இருக்கு. மாமா மண்ணுல உக்காந்து அவ தலையை மடியில வெச்சுக்கிட்டு, “எந்திரிம்மா, எந்திரிம்மா”ங்கிறார். என்னால தாங்கல.

“மாமா, இது வேணாம் மாமா. நாம யாரும் இல்லாதப்போ விழுந்தா என்ன செய்வா?”

“நேத்து வந்தவங்க நீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?”

சொல்லிட்டார். சொல்லட்டும். பக்கத்துப் பட்டறையில இருந்து ஆளைக் கூப்பிட்டு, அகலப் பட்டை கட்டித் தூக்கி நிறுத்தினோம். நின்னுட்டா. டாக்டர் வந்து புண்ணுக்கு மருந்து போட்டு, வலிக்கு ஊசியும் போட்டுட்டுப் போனார். நான் கடைக்கு வந்து ஒருத்தருக்கு இடது கண்ணுக்கு எழுத வேண்டியதை வலது கண்ணுக்கு எழுதி, திரும்ப எழுதினேன்.

சாயங்காலம், கடை அடைக்கும் முன் —

மாமனார் வந்தார். இந்தக் கடைக்குள் அவர் காலடி வைத்தது இதுதான் முதல் தடவை. கண் பார்க்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிரே உள்ள எழுத்துகளைப் பார்த்தபடியே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

“கோவத்துல சொல்லிட்டேன் மாப்ள.”

“பரவாயில்ல மாமா.”

“நான் இன்னமும் வண்டி இழுத்தவளைத்தான் பாக்கிறேன். மேட்டுத் தெருவுல மூச்சு வாங்காம ஏறுவா. நீங்க வந்தப்பவே அவ கிழவி. அதான் உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல.” பிறகு, “டாக்டரைக் கூப்பிடுங்க. ஆனா அவ விழுந்து கிடக்கிறப்போ வேணாம். நின்னுக்கிட்டு, வெயில்ல, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற ஒரு நாளாப் பாத்து.”

சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வருகிற சனிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை எழ முடியாமல் போனால் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உயிரை நிறுத்தப் போடும் மருந்து உடம்பிலேயே தங்குமாம். நாயோ பறவையோ வாய் வைத்தால் அதற்கும் ஆபத்து. அதனால் ஆழமாகப் புதைக்க வேண்டும், கிணற்றுக்கு வெகு தூரத்தில். நகராட்சி அலுவலகத்தில் நாளைக்கே போய் அனுமதி வாங்க வேண்டும்.

இடத்தை மாமனாரே காட்டினார். பின்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், மண்வெட்டும் இயந்திரம் உள்ளே வர வசதியாக. மரத்தடியில் வைக்கலாமே என்றாள் மனைவி. “அங்க வேர் இருக்கும்மா. அவளை இழுத்துக்கிட்டுப் போக வேண்டிவரும். வேணாம்.” ஒவ்வொன்றையும் அவரே யோசித்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். பெரியவள் நன்றாக இருக்கிறாள். இவ்வளவு நன்றாக இருக்கும்போதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கூடவே, நன்றாக இருக்கும்போதுதான் என்றும் சொல்கிறது.

மனைவி கடைக்கு லீவு சொல்லச் சொன்னாள், சொன்னேன். நாள் முழுக்க நாலு பேரும் தோட்டத்தில். அக்காவுக்குப் பிடரி மயிரைச் சீவிவிட்டாள் தங்கை. ஆப்பிளைத் துருவித் துருவி மாமியாருக்குக் கை ஓய்ந்துபோனது. “எனக்கு ஒரு நாளாவது இந்த வீட்டுல யாராவது துருவிக் கொடுத்திருக்கீங்களா?” என்றார். மாமனார் எழுந்துபோய் ஒரு ஆப்பிளைத் துருவி, தட்டில் வைத்து நீட்டினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் வாலு மிரண்டு ஓடியது. பெரியவள் மட்டும் அசையாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அதுவும் அவளுக்கே போனது.

ஆகஸ்ட் 23, சனி

முடிந்தது. நல்லபடியாக.

தானே எழுந்தாள், தானே கேட்வரைக்கும் நடந்தாள். மாமனார் கயிற்றைப் பிடித்திருந்தார். வாளியை நான் பிடித்திருந்தேன். டாக்டர் முதலில் மயக்க மருந்து போட்டார். கண் செருகி, தலை மெல்லத் தாழ்ந்து மாமனாரின் மார்பில் வந்து நின்றது. அவர் அவள் காதருகே ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பிறகு எங்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டாவது ஊசி. பெரிய உடம்பு, சாயும்போது தரை அதிர்ந்தது. அது மட்டும்தான் பயமாக இருந்தது. டாக்டர் அவள் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், கண்ணைத் தொட்டுப் பார்த்தார், தலையசைத்தார். அவள் வாயில் இன்னும் கேரட் இருந்தது.

வாலுவை அவிழ்த்துவிடச் சொன்னார் டாக்டர். பார்க்காவிட்டால் தேடிக்கொண்டே இருக்குமாம். வந்து மூக்கை முகர்ந்தது, வயிற்றை முகர்ந்தது, ஒட்டிப் படுத்தது. வெகு நேரம் கழித்து எழுந்து மேயப் போய்விட்டது.

அழுதோம். எல்லோரும்தான். பிறகு காபி குடித்தோம். மாமனார் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன். மாமனார் பக்கத்தில் வந்து நின்று, எதற்கு அதிகம், எதற்குக் கொஞ்சம் என்று சொல்லித் தந்தார். ரோஜாவை நான் கொன்றிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாமனாரும் மாமியாரும் கடல் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெரியவளை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லையாம். மாமியார் பெட்டியை வியாழக்கிழமையே கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

மத்தியானம் போன் அடித்தது. மாமனார். பதறி எடுத்தேன். செடிக்கு ஏதாவதா, மருந்து ஏதாவது மறந்துவிட்டாரா?

“இல்ல மாப்ள. இங்க நல்ல காத்து. உங்க மாமியார் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அலையில நிக்கிறா, கூப்பிட்டா வரமாட்டேங்கிறா.” அலைச் சத்தம் கேட்டது.

“சரி மாமா. வேற ஏதாவது...?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.”