கடக்வாஸ்லா தண்ணீர் இனிக்கிறது

கடைசியாக நீ குடித்த தண்ணீர் உனக்கு உண்மையிலேயே இனித்ததா? எனக்குத் தெரியவில்லை. வேதியியல் படித்து, அதையே பாடமாக நடத்திப் பிழைப்பவள், இல்லாமல் போனவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இன்று காலையிலிருந்து வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

காலையில் லிஃப்டில் கவிதா ஏறினாள். எதிர்வீட்டுப் பெண். கணினி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். இந்த நிக்டி குடியிருப்பில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். கையில் பால் பாக்கெட்டோடு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, தண்ணி ரெண்டு நாளா இனிக்குதே, கவனிச்சீங்களா?"

உன் வாக்கியம். கடைசிச் சொல்லில் குரலை இறக்கி, பதில் வராவிட்டாலும் பரவாயில்லை என்பது போல நிறுத்துவாயே, அந்த இறக்கம்கூட அப்படியே இருந்தது. கவிதா உன்னைப் பார்த்ததே இல்லை. நீ போன பிறகுதான் அவள் இந்த ஊருக்கே வந்தாள்.

ஒரே கல்லூரியில் நீ தத்துவம் நடத்தினாய், நான் வேதியியல். அரசியல்வாதியின் பேச்சு எப்போது ஜனங்களின் சொந்தப் பேச்சாக மாறுகிறது என்பது உன் ஆராய்ச்சி. மற்றவர்கள் நூலகத்தில் உட்கார்ந்தார்கள். நீ நகரப் பேருந்தில் உட்கார்ந்தாய். தேர்தல் சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ காலையில் எறிந்துவிட்டுப் போகும் வாக்கியத்தைக் கேட்டுக்கொள்வாய். அது டீக்கடையில் ஒருவர் வாயிலிருந்து அவருடைய சொந்த அபிப்பிராயமாக வெளிவரும்வரை காத்திருப்பாய். துறைத் தலைவர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் கேட்டார்: "உங்க ஆராய்ச்சிக்கு லைப்ரரி கார்டு எதுக்கும்மா? பஸ் பாஸ் போதுமே." நீ அசரவில்லை. "வாங்கிக் குடுங்க சார், நன்றியுரையில உங்க பேரைப் போட்டுடறேன்."

என்னிடம் சொன்னது வேறு. "பிரச்சாரம் உன்னை நம்பச் சொல்லலடி. திரும்பச் சொல்லத்தான் சொல்லுது. சொல்லிட்டா, நம்பறது தானா நடக்கும்."

"இதுக்கு ஆதாரம்?" என்றேன். எதற்கும் அதைத்தான் கேட்பேன்.

அதன் பிறகுதான் அந்த மதியம். கட்கியிலிருந்து சிவாஜிநகர் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தோம். நீ திடீரென்று ஹிந்திக்கு மாறி, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாய்: கடக்வாஸ்லா தண்ணீர் இரண்டு நாளாக இனிக்கிறதே, கவனித்தாயா? கடக்வாஸ்லா ஊருக்குத் தண்ணீர் தரும் அணை. நான் விழித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இறங்கியதும் சிரித்தாய். "யாரையும் திட்டல. யார் பேரையும் சொல்லல. ஒரு காலி நாற்காலி போட்டிருக்கேன், அவ்வளவுதான். யாரைக் கொண்டாந்து உட்கார வைக்கிறாங்கன்னு பாப்போம்."

அந்த வாரம் முடிவதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள். கேம்ப் பகுதியில் காய்கறிக்காரி, மதராசிகள்தான் தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்றாள். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பின் தமிழ்த் தெருவிலோ, புதிதாக வேலைக்கு வந்த, தண்ணீர் வால்வு திறப்பவன்மேல் சந்தேகம். ஒவ்வொரு தெருவும் தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஆளை அந்த நாற்காலியில் வைத்தது. நீ உற்சாகமாகத்தான் இருந்தாய், நான் நிக்டி பற்றிச் சொல்லும்வரை. என் தெருவிலும் பெண்கள் கடக்வாஸ்லா தண்ணீர் இனிக்கிறது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நிக்டிக்குக் கடக்வாஸ்லா தண்ணீர் வருவதே இல்லை. எங்களுக்கு வருவது பவனா அணைத் தண்ணீர்.

நீ சிரிப்பதை நிறுத்தியது அப்போதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அது நான் சொன்னது. பஸ்ஸுல, நானா கட்டி விட்டது" என்றாய்.

"நீ இன்னாடி சொல்றது? எனக்கு நாக்கு செத்துப்போச்சா? நேத்து சக்கரை போடாமயே டீ இனிச்சுது. ஒங்கப்பாவைக் கேளு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சயின்ஸ் படிச்ச பொண்ணாச்சே, நீ குடிச்சிட்டுச் சொல்லும்மா."

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். மிச்சத்தை பாட்டிலில் எடுத்துப்போய்ச் சோதித்தேன். பரிசோதனைக் குழாயில் ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் தெரிந்தது. அதை உன்னிடம் சொன்னபோது நீ என்னை வெகுநேரம் பார்த்தாய், முகம் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல.

அன்று பேருந்து நிறுத்தத்தில் நீ சொன்னதுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. "இல்லைன்னு சொல்லிப் பிரயோஜனமே இல்ல. மறுப்பும் அதே வாக்கியத்தைத் தூக்கிட்டுத்தான் போகுது. நாற்காலி காலியா இருக்கறதுதான் கோளாறு. முடிஞ்சா நாமளே போய் உட்காந்துக்கணும்."

மழை வந்தது; ஊர் வேறு விஷயம் பேசத் தொடங்கியது. உன் புத்தகமும் வந்தது, தண்ணீர் பற்றிய அத்தியாயம் மட்டும் இல்லாமல். ஏன் என்றேன். "அச்சுல போட்டா இன்னும் தூரம் போகும். அது சாகலடி, தூங்குது."

பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்து போயின. கேம்ப் மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்த மாலையில் தண்ணீர் கேட்டாய். தலையைத் தாங்கிக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இனிக்குதுடி" என்றாய். உதட்டோரத்தில் பழைய கேலி இருந்தது போலவும் இருந்தது, பயம் போலவும் இருந்தது. கேட்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போது எங்கள் குடியிருப்பில் நாற்காலிக்கு ஆள் கிடைத்துவிட்டான். ஷ்யாம். பீகாரிலிருந்து வந்தவன், பம்பு அறையை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருக்கிறான். தண்ணீர்த் தொட்டி அவன் பொறுப்பு. "அவன் தொட்டிகிட்டயே நின்னுட்டு இருக்கறானுங்க்கா" என்கிறாள் கவிதா. தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் வேறெங்கே நிற்பான்? நாளை ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்போர் சொசைட்டி கூட்டம். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். அவன் வேலையில் இருக்கலாமா என்பதுதான் கூட்டத்தின் விஷயம்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று கணக்குச் சொல்பவள் நான்தான். தண்ணீர் இனிக்கவில்லை என்று சொல்லப் போவதில்லை. தொட்டியில் எது போனாலும் என் சொல்படிதான் போகிறது, கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். உன் நாற்காலியில் நானே போய் உட்காரப் போகிறேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு முன்பே ஷ்யாம் தொட்டியைக் காலி செய்து, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தான். யாரும் சொல்லாமல் அவனாகவே செய்தது. நனைந்த சட்டையோடு வாசலில் நின்று, இப்போது குடித்துப் பாருங்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் ஹிந்தியில் சொன்னான். குடித்துப் பார்த்தார்கள்.

நான் எழுந்து, சொல்ல நினைத்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். எல்லோரும் காகா என்று கூப்பிடும் செயலாளர், "மேடம், நீங்க போய் அப்படிச் செய்வீங்களா? உட்காருங்க" என்றார். அந்த நாற்காலியில் யாரும் இஷ்டப்பட்டு உட்கார முடியாது போலிருக்கிறது. அதை நீ எனக்குச் சொல்லவில்லை.

கவிதா என் காதருகே குனிந்தாள். "பாத்தீங்களாக்கா? கழுவினதும் இனிப்புப் போயிருச்சு. அப்ப ஏதோ இருந்திருக்குதுதானுங்க?"

அவனை வேலையிலிருந்து நிறுத்தக் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. சாயங்காலம் அவன் ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பினான். பின்னால் குழந்தையோடு அவன் மனைவி. பம்பு அறைச் சாவியை என்னிடம் கொடுத்தான். நீ எதுவும் செய்யவில்லை, எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு குரலை இறக்கி, "ஆனா மேடம், எனக்கும் இனிச்சுது" என்றான்.

சாவி இன்னும் என் மேசையில் இருக்கிறது. மேலே வந்து குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். இனிப்பு குறைந்திருந்தது.