ஹீரோவும் ஐந்து மீற்றர் சுருள்வாரும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலை வெயில். இரண்டு மணிக்குப் பிறகு வழக்கம்போல மழை. பள்ளிக்கூடத்தால் வரும்போது செருப்பெல்லாம் சேறு.

லண்டன் அக்காவின் பார்சல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. உள்ளே: கம்பளிக் காலுறை இரண்டு சோடி (கண்டி என்ன வடதுருவமா?), சத்து மாத்திரை, ஹீரோவுக்கு ஒரு வார்.

சாதாரண வார் இல்லை. கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் பெட்டி, ஒரு பிடி, பெருவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். நாய் நடக்க நடக்க உள்ளிருந்து கயிறு வரும், ஐந்து மீற்றர் மட்டும். நாய் திரும்பி வந்தால் தானாகவே உள்ளே சுருளும். பொத்தானை அமத்தினால் அந்த இடத்திலேயே நிற்கும். ‘பெரிய நாய்களுக்கு’ என்று மட்டையில் போட்டிருக்கிறது. நான் வைத்த பெயர் சுருள்வார்.

நல்ல நேரத்தில் வந்தது. 18ந் திகதி இவர் வவுனியா வங்கியிலிருந்து லீவில் வருகிறார். வந்து முடிவு சொல்வாராம். போன மாதம் பழைய நீளத் தோல் வாரோடு ஹீரோ இழுத்து நான் படியில் விழுந்து, கை வீங்கி, அதை இவர் வந்து பார்த்து... அன்றிலிருந்து ஒரே பாட்டு. நாயைப் பலகை விற்கும் வத்தேகம மரக்காலை முதலாளிக்குக் கொடு, வீட்டைப் பூட்டு, கொழும்பில் தங்கச்சி வீட்டில் போய் இரு.

என் முடிவு: நாயும் இருக்கும், வீடும் இருக்கும், வேலையும் இருக்கும். காரணத்தை ஒருதரம் எழுதிவைக்கிறேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் தனியாக நான் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் நின்றால் எழும்பி இருப்பேன். புசல்லாவைத் தோட்டத்து டொக்டர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது ஹீரோவைத் தந்தார். வந்த நாளிலிருந்து நித்திரை. அவ்வளவுதான்.

8, புதன்

முதல் ஒத்திகை. மழைக்கு முன்னம்.

நல்லது:
- படியிறக்கத்தில் நான் மேலே நிற்க, ஹீரோ கீழே போய் மோந்துவிட்டு வருகிறான். முழங்காலுக்குப் புண்ணியம்.
- வார் சேற்றில் இழுபடவில்லை.
- ஹீரோவுக்குத் தான் சுதந்திரப் பிரசை என்ற எண்ணம். வால் நிமிர்ந்துவிட்டது.

இன்னும் ஒன்று. இதுதான் பெரியது. ஒழுங்கை அடியில் ஆமிச் சென்றி. மண்மூட்டை, தார் பீப்பா, குறுக்கே ஒரு தடி. எத்தனை வருடமாகப் போய்வந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் முகம் மாறும். இன்று ஹீரோ எனக்கு ஐந்து மீற்றர் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே நிற்கும் சின்ன ஆமிக்காரனுக்கு, மீசை இப்போதுதான் அரும்புகிறது, நாயென்றால் பயம். தடியைத் தூக்கிவிட்டு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான். “யண்ட மிஸ், யண்ட!” போங்கோ மிஸ், போங்கோ. அட்டையும் இல்லை, கேள்வியும் இல்லை. மகாராணி மாதிரிப் போனேன்.

அடிச் சந்தியில் கடை வைத்திருக்கும் அலவத்துகொட நானா: “என்ன டீச்சர், மேசன்மார்ட அளவு டேப்புல நாயக் கட்டி வச்சீக்கி? கிட்ட உட்ராதீங்க, தொழப் போற நேரம்.”

பொத்தானை அமத்திக் காட்டினேன். ஹீரோ நின்றான். நானாவுக்கு ஆச்சரியம்.

அரிசி, பருப்பு, சவர்க்காரம் வாங்க வேண்டும். மறந்துவிட்டேன்.

10, வெள்ளி

கெட்டது:
- கயிறு மெல்லிசு. ஹீரோ என்னைச் சுற்றி ஓட, முழங்காலுக்குப் பின்னால் உராய்ந்து எரிந்துவிட்டது. தேங்காயெண்ணெய் பூசினேன். ஐயோ, என்ன எரிவு.
- இளநீர் விற்கும் தெம்பிலிக் கரத்தையைக் கயிறு இரண்டு சுற்று. தெம்பிலிக்காரன் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
- சின்ன நாயென்றால் பொத்தானை அமத்த நிற்கும். இவன் ஆடு அளவு பாரம். ஐந்து மீற்றரும் ஓடி வேகமெடுத்த பிறகு அமத்தினால் நாய் நிற்காது, நான்தான் போவேன். ஒன்பதாம் வகுப்புக்கு உந்தம் படிப்பிக்கும் எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
- பிடி மழையில் வழுக்குகிறது. வாசல் படியில் ஒருமுறை கைநழுவியது. விழுந்த பெட்டி சும்மா கிடக்கவில்லை. கயிறு சுருளச் சுருள நாயை நோக்கிப் பாய்கிறது, கடகடவென்று. ஹீரோ பேய் கண்டவன் மாதிரி ஓடி, குசினி மேசைக்குக் கீழே. வெளியே எடுக்க ஒரு மணித்தியாலம்.

ஆனால் மனந்தளரவில்லை. எந்தச் சாமானுக்கும் ஒரு பாவிப்பு முறை உண்டு. பஸ் போகும் தெருவில் கட்டையாகப் பிடித்துப் பூட்டிவிட வேண்டும். வாவிப் பக்கம், ஆள் குறைந்த இடத்தில் மட்டும் நீட்டலாம். சென்றியில் நீட்டலாம் (என்னுடைய தனிப்பட்ட லாபம்).

11, சனி

வத்தேகம முதலாளி வந்தார். இவர் அனுப்பியிருக்கிறார், ‘சும்மா பார்த்துவிட்டுப் போக’. கதிரையில் இருக்காமல் நின்றபடியே ஹீரோவைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்.

“என்னங்க டீச்சரம்மா, இது நூலு மாதிரி இருக்கு? இவ்வளவு பெரிய நாய்க்குச் சங்கிலிதாங்க சரி. நம்ம மரக்காலையில பலகை அடுக்குக்குப் பக்கத்துல கட்டிப் போட்டா ஒருத்தன் கிட்ட வரமாட்டான்.”

“பகலிலயும் கட்டியே வைப்பியள்?”

“பகலும் ராவும்தாங்க. அவுத்து விட்டா அப்புறம் நாய் எதுக்கு?”

தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் போன பிறகு ஹீரோவின் கழுத்தைத் தடவிக்கொண்டு கனநேரம் இருந்தேன். பகலும் இரவும் சங்கிலி. 

13, திங்கள்

இவர் ரெலிபோன்.

“முதலாளி பாத்தவராம். நல்ல விலை தாறாராம்.”

“இஞ்ச பாருங்கோ, இப்ப ஒரு வார் வந்திருக்கு. ஒரு விரலால பிடிக்கலாம்.”

“உமக்கு விசரே? விழுந்து இடுப்பு உடைஞ்சால் ஆர் பாக்கிறது? நான் இஞ்ச கிடக்கிறன்.”

“நீங்கள் வந்து பாருங்கோ. பாத்திட்டுக் கதையுங்கோ.”

“ஞாயிறு வரச்சொல்லிப்போட்டன் அவரை.”

வைத்துவிட்டார். சரி, ஞாயிறு வரட்டும். அதற்குள் ஹீரோவைப் பழக்கிக் காட்டுகிறேன்.

பின்னேரம் பயிற்சி. தோட்டத்துக் காவல்காரன் பழக்கிய நாய், சிங்களம் மட்டும்தான் கேட்கும். “வரென்” என்றால் வருவான். “இந்தகன்” என்றால் இருப்பான். தமிழில் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பான். இருபது வருடம் கண்டியில் இருந்தும் நான் பிழையில்லாமல் சிங்களம் பேசுவது இவனோடு மட்டும்தான். இன்று நீட்டின கயிற்றில் “வரென்” சொல்ல ஒவ்வொரு முறையும் வந்தான். பிஸ்கட் தீர்ந்தது.

16, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். எழுதினால் மனம் அடங்கும்.

வானம் மூடி இருந்தது. மழை வருமுன் போய்வருவோம் என்று இறங்கினேன். ஹீரோ நீட்டின கயிற்றில் முன்னால். சென்றியில் சின்னவனோடு புது அதிகாரி ஒருவர். ஹீரோ பீப்பாவை மோந்துகொண்டு நிற்கிறான், நான் ஐந்து மீற்றர் பின்னால், கையில் பெட்டி, பெருவிரல் பொத்தானில். அதிகாரி என் கையைப் பார்த்தார். பெட்டி, பொத்தான், வயர் மாதிரிக் கயிறு. பிடித்திருப்பவள் பொட்டு வைத்த தமிழ்ப் பொம்பிளை. அந்த வினாடி அவர் கண்ணால் நானும் என்னைப் பார்த்தேன். குண்டுக்காரி.

துவக்கு நிமிர்ந்தது. “ஏக்க பிம தாண்ட!” அதைக் கீழே போடு.

போட்டால் என்ன நடக்கும் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி கடகடவென்று பாயும். ஹீரோ வெருண்டு தடியைத் தாண்டி ஓடுவான். சுடுவார்கள். முதலில் அவனை.

“பே மாத்தயா,” என்றேன். ஏலாது ஐயா. வகுப்பில் கத்தும் குரலில். எனக்கே திகைப்பு.

மறுபடி கத்தினார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஹீரோவைப் பார்த்து “வரென்” என்றேன். வந்தான், என் தங்கம். அவன் வர வரக் கயிறு ‘சர்ர்ர்’ என்று பெட்டிக்குள் ஓட, சின்னவன் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்தான். காலடிக்கு வந்ததும் “இந்தகன்.” இருந்தான். கழுத்துப் பட்டியில் கை போட்டுக்கொண்டு பெட்டியை மெல்ல நிலத்தில் வைத்தேன். “தென் கண்ட மாத்தயா.” இப்போது எடுங்கோ.

எடுத்தார். காதில் வைத்துப் பார்த்தார். நாய்க்கயிறு என்று நான் சொல்லச் சொல்ல, கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே எஃகுச் சுருள். அது சும்மா இருக்குமா? ‘டங்’ என்று வெடித்துப் பாய்ந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டு, கன்னத்தையும் ஒரு கீறு கீறியது. எல்லோரும் நிலத்தில். ஹீரோ மட்டும் சொன்னபடி இருந்தான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

அதற்குப் பிறகு அடையாள அட்டை, பிறந்த இடம், வயர்லெஸ், பொலிஸில் பதிந்திருக்கிறதா, புருஷன் ஏன் வவுனியாவில். மழையில் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். சின்னவன் வந்து தன் பணிஸில் பாதியை எட்ட நின்று ஹீரோவுக்கு எறிந்தான். பிறகு மற்றப் பாதியைக் கையாலேயே கொடுத்தான். பொலிஸிலிருந்து பதில் வந்ததும் அதிகாரி அட்டையை நீட்டி, இந்த மாதிரிச் சாமானை இனிக் கொண்டு வராதே என்றார். கன்னத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. மூட்டை கட்டிய கயிற்றில் ஒரு துண்டை வெட்டி அவரே தந்தார், நாயைக் கட்டிக்கொண்டு போக.

வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் நின்று அழுதேன். அழுது முடித்து, சோறு வைத்து, இருவரும் சாப்பிட்டோம்.

17, வெள்ளி

சுருள்வார் பற்றி இறுதித் தீர்ப்பு. சின்ன நாய், பெரிய வெளி, சண்டையில்லாத நாடு, இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். பெரிய நாய்க்கு ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு, நீளத்தில் தடித்த கயிறு, கைப்பிடிக்கு ஒரு முடிச்சு. அக்காவுக்கு ‘மிகவும் உபயோகம்’ என்றுதான் எழுத வேண்டும்.

நானாவிடம் நல்ல தும்புக்கயிறு வாங்கினேன். கதை முழுக்க அவருக்குத் தெரியும். “அல்லாஹ் காப்பாத்தினான் டீச்சர். ஆமிக்காரனுக்கு ‘ஏலா’ண்டு சொல்ற வாய் உங்களுக்குத்தான் ஈக்கி.”

கட்டைக் கயிற்றில் ஹீரோ இழுப்பதில்லை. நீளம் இருந்தால்தானே இழுக்க. இது எனக்கு ஏன் முதலே தோன்றவில்லை?

இவரிடம் சொல்வதா? சொன்னால் நாளைக்கே கொழும்பு. சொல்லாவிட்டால் ஊர் சொல்லும்.

18, சனி

வவுனியா பஸ் பிந்தியது. ஹீரோவோடு கீழே இறங்கிக் காத்திருந்தேன். இவர் வந்து சென்றியில் நிற்க, பையைக் கொட்டினார்கள். சேட், ஒடியல் மா, எனக்கு வாங்கிய சீத்தைத் துணி எல்லாம் ஈரத் தெருவில். இவர் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றார். தலைமயிர் நன்றாக நரைத்துவிட்டது.

சின்னவன் என்னைக் கண்டான். ஹீரோவைக் கண்டான். இவரைப் பார்த்தான்.

“மே பலு மிஸ்கெ மாத்தயாத?” நாய் மிஸ்ஸுடைய வீட்டுக்காரரா இவர்?

ஓம் என்று தலையாட்டினேன். அவனே குனிந்து சேட்டுகளைப் பொறுக்கிப் பையில் வைத்துத் தடியைத் தூக்கிவிட்டான். ஹீரோவின் தலையில் ஒரு தட்டு வேறு.

இவர் பையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார். வீட்டு வாசலில்: “பலு மிஸ்?”

நடந்ததெல்லாம் சொன்னேன். பேச்சு விழும் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். “ஏலாதெண்டு சொன்னனீரே?” என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

19, ஞாயிறு

நல்ல வெயில். தலையணை எல்லாம் காயப்போட்டேன். மீன் வாங்கினது: பாரை.

பத்து மணிக்கு முதலாளி வந்தார், கையில் புதுச் சங்கிலி. நான் சண்டைக்குத் தயாராகக் குசினி வாசலில் நின்றேன். ஹீரோ என் காலடியில்.

இவர் தொண்டையைச் செருமினார். “குறை நினைக்காதேங்கோ முதலாளி. நாயை விக்கேல்லை. நான் வவுனியாவுக்குக் கொண்டு போகலாமெண்டு பாக்கிறன்.”

முதலாளியை விட எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன சொன்னனீங்கள்?”

“அங்க அறையில தனியக் கிடக்கிறன். செல் விழுற சத்தம் கேட்டால் விடியுமட்டும் குந்திக்கொண்டிருப்பன். உமக்குச் சொல்லேல்லை. இது இருந்தால்...”  நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னையில்லை.

ஹீரோ வரும்வரை எனக்கு நித்திரையில்லை என்று இவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தவள் நான். இவரும் அதையே செய்திருக்கிறார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஏலாது,” என்றேன். “நாயைத் தர ஏலாது. நீங்கள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு இஞ்ச வாங்கோ.”

“கேட்டால் குடுப்பாங்களே?”

“கேட்டனீங்களே?”

குனிந்து ஹீரோவின் காதைத் தடவினார். கேட்கவில்லை என்று அர்த்தம்.

மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. வயிறாரச் சாப்பிட்டார். நாளைக் காலைப் பஸ்ஸுக்குச் சேட்டை இஸ்திரிக்கையால் மினுக்க வேண்டும். எதை மினுக்க என்று கேட்க அறைக்குள் போனால், பட்டப்பகலில், ஜன்னல் திறந்தபடி, வாய் பிளந்து நித்திரை. தெருவில் லொறி போகிறது, அசையவில்லை. கட்டிலடியில் அவர் பக்கம் ஹீரோ, அவர் செருப்பில் நாடியை வைத்துக்கொண்டு. “வரென்” என்று மெல்லக் கூப்பிட்டேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.