அத்தானின் கப்பலுக்கு ராக்கெட் வரும் வாரம்

ஜூன் 12, வெள்ளி

விடியலிலிருந்தே மழை. துணி ஒன்றும் காயவில்லை. வாங்க: சுக்கு, சோப்பு, மூத்தவளுக்குக் குடை. எட்டாம் மாதம். கால் வீக்கம்.

அத்தான் போன் செய்தார். அவர் கம்பெனியின் முதல் ராக்கெட் அடுத்த வாரம். மேலே போய்த் திரும்பி வந்து, நடுக்கடலில் ஒரு கப்பலின் தளத்தில் நேராக இறங்க வேண்டுமாம். அந்த நேரம் அந்தக் கப்பலில் ஆள் கிடையாது, இவர்கள் தூரத்தில் வேறு கப்பலில். இறங்கியதும் அங்கே ஏறிப்போய் ராக்கெட்டின் கால்களைத் தளத்தோடு சேர்த்து வெல்டு வைப்பது அத்தான் வேலை.

இறங்கினால் வேலை நீளும். தவறினால் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மூத்தவள் பிறந்தபோதும் கடலில்தான் இருந்தார். இந்தப் பிரசவத்துக்காவது அவர் பக்கத்தில் வேண்டும் எனக்கு. என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச்சில் மானம் போயிற்று. மாமி எனக்குத் தெரியாமல் ஜெப விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். போதகர் மைக்கில் வாசித்தார்: மகனுடைய கப்பல்மேல் ராக்கெட் விழாதபடி காத்தருளும். சபை முழுக்க ஆமென். புதன்கிழமை மாதர் சங்கம் உபவாசமாம்.

அத்தானிடம் சொன்னேன். "ஏட்டி, அது கப்பலுக்கு வரணும்னுதான் நாங்க இங்க தவம் கெடக்கோம்! அம்மைட்ட சொல்லி ஜெபத்த மாத்து."

மாமி மசியவில்லை. "அதெப்படி மாத்துகது? எனக்க பிள்ளைக்க தலையில ஒண்ணும் விழப்பிடாது."

சிரித்துச் சிரித்து வயிறு இழுத்துக்கொண்டது.

ஜூன் 17, புதன்

மாமி உபவாசம். ஆனாலும் எனக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் கறி வைத்து, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். இவரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஜூன் 19, வெள்ளி

சாயங்காலம் போனில் நேரலை. மாமி, மூத்தவள், நான், ஒரே கட்டிலில். முதலில் வெறும் வானம். அப்புறம் நெருப்பு. தளம் முழுக்கப் புகை. மாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

புகை விலகியது. நிற்கிறது!

கத்திக் கை தட்டியது நான்தான். பிரசவம், ஊர், எதுவும் அப்போது நினைவில்லை.

மாமி ஒரு கண்ணைத் திறந்தார். "விழலியே! நேரால்லா நிக்கி!"

கொஞ்ச நேரத்தில் அத்தான்.  "நின்னுட்டு மக்கா! பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். அவ்வளவு சந்தோஷத்தில் அவர் குரலைக் கேட்டதே இல்லை. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

 மாமி அலமாரியைத் திறந்து ஆஸ்பத்திரிப் பையை எடுத்தார். "நான் வருவேன்லா மக்களே."

பையில் என் சேலைகள் நாலு. அவருடையது இரண்டு.