தேவசகாயம் நடத்திய ஜெபம்

பிரிக்பீல்ட்ஸ்
6 ஆகஸ்ட் 1928

அன்புள்ள எஸ்தருக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் சுகம். உன் காய்ச்சல் விட்டதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

நீ கவலைப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு செய்திதான். நாலு வருஷமாக எங்கள் ரயில்வே லயத்து வீட்டு வரிசையில் ஞாயிறு ஜெபத்தை நான்தான் நடத்தினேன். என் அறையில் தங்கியிருக்கும் தேவசகாயத்துக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவனே போதகரிடம் போய், ஆசீர்வாதம் தன் குரலைத் தானே கேட்கத்தான் ஜெபிக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இனிமே அவரு நடத்தட்டும். நீங்க பின்னால உக்காருங்க” என்றார் போதகர்.

நேற்று கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். ஆமென் சொல்லக்கூடாது என்றிருந்தேன். அவன் தடுமாறித் தடுமாறி, “ஆண்டவரே, ஊர்ல காய்ச்சலா கெடக்கிற எஸ்தர் மதினிக்குச் சொகம் குடும்” என்றான். ஊருக்கெல்லாம் ஜெபித்த நான் ஒருநாளும் அங்கே உன் பேரைச் சொன்னதில்லை. என் வாய் தானாக ஆமென் என்றது.

ஆனாலும் அவனோடு இன்னும் பேசவில்லை.

கொஞ்சம் சுக்கும் கருப்பட்டியும் அனுப்பு. பட்டறையில் சங்கு ஊதுகிறது. அடுத்த கடிதத்தில் வழக்கம்போல் அவனுக்கு ஸ்தோத்திரம் எழுதாதே. எழுதினால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்,
ஆசீர்வாதம்