எழுபத்தொன்று புள்ளி ஐந்து

81ஆம் நாள், காலை 7.10

நிலவின் தென்முனை, பனி நிலையம். எழுதுபவன் குற்றாலிங்கம், பராமரிப்புப் பொறியாளன், வயது ஐம்பத்து நான்கு, ஊர் தென்காசிப் பக்கம். தோண்டிய பனி இரண்டு டிரம். காற்று சரி. உள்வெப்பம் சரி. முதுகுவலி வழக்கம்போல்.

நிலையத்தில் இன்று நான் மட்டும். படகோட்டி பிரிசில்லா பர்னாந்து, தூத்துக்குடிப் பெண், மேலே சுற்றும் சரக்குப் பெட்டியிலிருந்து சாமான் எடுத்துவர விண்படகில் போயிருக்கிறாள். மாலையில் திரும்புவாள்.

வேலை இல்லாததால் கொஞ்சம் வம்பு. போன மாதம் ஊர் திரும்பிய வேதமுத்து தன் பழைய வீட்டுக் கணிப்பொறியை இங்கேயே விட்டுப் போய்விட்டார். ஆளுக்கு ஐந்து கிலோ சொந்தச் சாமான் என்றபோது மற்றவர்கள் ஊறுகாய் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது டிவியில் செருகி ஓட்டுகிற, விசைப்பலகைக்குள்ளேயே மொத்த மூளையும் அடங்கிய ஒரு கிழட்டுப் பெட்டி. வீட்டில் வைக்க மனைவி இடம் தரவில்லை என்று கேள்வி. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நான் முதல் ஆள். நான் கொண்டுவந்தது தலைக்கு எண்ணெய். எனக்குத் தலையில் முடி கிடையாது.

81ஆம் நாள், பகல் 2.15

சூரியன் வெடித்துத் துப்பிவிட்டது. எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் எச்சரிக்கை மணியே செத்துப்போனது. நிலையத்தின் கணிப்பொறிகள் எல்லாம் கருகிவிட்டன. வெளியே ஓட்டிப் போகும் நிலவு வண்டியும் அசையவில்லை. பூமியோடு பேசும் தட்டு, எந்தப் பக்கம் பார்ப்பதென்று மறந்துபோய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறது. காற்றுக்குக் கைத்திருகு இருப்பதால் எனக்கு ஆபத்து இல்லை.

ஆபத்து பிரிசில்லாவுக்கு. நிலவை ஒரு முறை சுற்ற அவளுக்கு இரண்டு மணி நேரம். என் தலைக்கு மேலே கடக்கும் சில நிமிடங்கள் மட்டும் பழைய குரல் ரேடியோவில் கேட்கிறாள். இரண்டு மணிக்குக் கேட்டது:

“அண்ணாச்சி, இங்க எல்லாத் தெரையும் இருட்டு. எஞ்சின் நல்லாருக்கு, கையால பத்த வச்சிருவேன். எப்ப பத்த வைக்கணும்னுதான் தெரியல. நீங்கதான் சொல்லணும்.”

என் தலையைக் கடந்து எத்தனையாவது நிமிடத்தில் எஞ்சினை மூட்ட வேண்டும் என்ற ஒரே ஓர் எண் போதும். நிலவின் அந்தப் பக்கம், ரேடியோ எட்டாத இடத்தில் மூட்டுவாள். சரியாக நிலைய வாசலில் வந்து இறங்குவாள். பிந்தினால் நிலையத்தைத் தாண்டிவிடுவாள். தாண்டினால் மலை. மலைக்கு அப்பால் வெயிலே படாத இருட்டுக்குழி.

படகில் காற்று நள்ளிரவு வரை. அதற்குமேல் அவள் உடையில் ஆறு மணி நேரம்.

அந்தக் கணக்கைக் கையால் போடலாம். என் கைக்கணக்கைக் காய்கறிக்காரர்கூட ஒத்துக்கொள்வதில்லை.

81ஆம் நாள், மாலை 4.40

வேதமுத்துவின் பெட்டி பிழைத்திருக்கிறது. அதன் சில்லுகள் முரட்டுச் சில்லுகள். சூரியன் துப்பியதைத் துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் டிவி கருகிவிட்டது. பெட்டிக்கு மூளை இருக்கிறது, முகம் இல்லை. (என் விஷயத்தில் மனைவி சொல்வது இதற்கு நேர்மாறு.) பறப்புக் கையேட்டுச் சூத்திரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பதுபோல் பேசிக் என்ற பழைய கணிமொழியில் அடித்து முடித்தேன். அது விடையைச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

பனி எடை போடும் தராசில் ஒரு சீரியல் பிரிண்டர் இருக்கிறது. ஒரே கம்பி வழியாக எழுத்தை ஒவ்வொன்றாக வாங்கி, நாடாவைத் தட்டித் தட்டி அச்சடிக்கும் பழைய சாதி. நான்கு மணிக்கு வந்தவளிடம் அதைச் சொன்னேன். “எடைச்சீட்டு அடிக்கிறதா அண்ணாச்சி? அது எனக்கு எத்தன கிலோன்னு சொல்லிறப் போவுது” என்றாள். பல் கிட்டுவது கேட்டது. படகில் வெப்பமூட்டி செத்துவிட்டது.

81ஆம் நாள், மாலை 5.35

பெட்டியில் வயர் செருகும் துளை வட்டம். பிரிண்டரின் துளை அகலம், இருபத்தைந்து ஊசி. இரண்டு வயரையும் வெட்டி முறுக்கினேன். ஒன்றும் வரவில்லை. பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடு சேர்த்திருக்கிறேன். இருவரும் பேச, ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் மாதாந்திரக் கூட்டம் மாதிரி. மாற்றி முறுக்கினேன். இப்போது வந்தது எழுத்தே இல்லை, கொசு நசுக்கிய சுவர். இரண்டுக்கும் வேகம் வேறு. பிரிண்டரின் அடிவயிற்றில் இருக்கும் சின்னச் சுவிட்சுகளை மாற்றி மாற்றிப் போட்டேன்.

பெட்டி வணக்கம் சொன்னது. ஆங்கிலத்தில்தான். நான் அழுதேன். பார்க்க யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

இன்னொரு கம்பி மிச்சம் இருக்கிறது. அது இல்லாமலே ஓடுவதால் அப்படியே விட்டுவிட்டேன்.

81ஆம் நாள், மாலை 6.10

விடை 71.5. ஆறு மணிக்குச் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டாள்: “அடுத்த சுத்துல சொன்னாலும் போதும் அண்ணாச்சி. காத்து இருக்கு. ஒரு தடவ சரி பாத்துக்கிடுதியளா?”

நான் சொன்னேன்: “சரி பார்க்க என்ன இருக்கு பிள்ள? மெஷினே அடிச்சுக் குடுத்திருக்கு. எட்டு மணிக்கு எறங்கி வா, சூடா ரசம் வைக்கேன்.”

“எழுபத்தொண்ணு புள்ளி அஞ்சு. எழுதிக்கிட்டேன்.”

நிலவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

81ஆம் நாள், மாலை 6.30

எங்கள் தலைமையகத்தில் அரங்கண்ணல் சாருக்கு எதுவானாலும் மூன்று பிரதி வேண்டும். தும்மினால்கூட மூன்று முறை தும்மச் சொல்வார். என் சாதனை கோப்பில் ஏற வேண்டுமே என்று இன்னும் இரண்டு பிரதி அடித்தேன்.

முதல் பிரதி: 71.5
இரண்டாம் பிரதி: 71.05
மூன்றாம் பிரதி: 1.05

81ஆம் நாள், மாலை 6.50

மிச்சம் விட்ட கம்பி. பிரிண்டர் ஒரு வரி முடித்துத் தலையைத் திருப்பும்போது, “கொஞ்சம் பொறு” என்று பெட்டிக்குச் சொல்லும் கம்பி அது. அது இல்லாததால் பெட்டி பொறுக்கவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுவில் எழுத்து சிந்தியிருக்கிறது.

எழுத்து சிந்தலாம், இல்லாத எழுத்து முளைக்காது. அப்படியானால் இரண்டாம் பிரதிதான் கிட்டத்தட்ட சரி. அதிலும் ஒன்று சிந்தியிருந்தால்?

மூன்றாவது கம்பியை முறுக்கிப் பார்த்தேன். முடியவில்லை. வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். இப்போது ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறது, மூச்சு வாங்கும் கிழவன் மாதிரி.

71.05. 71.05. 71.05.

ஒரு பூஜ்யம். இருபத்தேழு நொடி. நாற்பத்து மூன்று கிலோமீட்டர் தாண்டிப் போவாள்.

81ஆம் நாள், இரவு 7.12

ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு முழு நிலவு நிற்கிறது, கேட்காது, தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன். மூட்ட வேண்டிய நேரம் போய்விட்டது. அவள் மூட்டும் நேரமும் போய்விட்டது. ஒரு சுற்று பொறு என்று அவளேதான் சொன்னாள்.

81ஆம் நாள், இரவு 8.04

வந்தாள். இறங்கவில்லை, கடந்தாள்.

“அண்ணாச்சி, உங்க வெளக்கு பின்னால போவுதே. நான் தாண்டிட்டனோ?”

“என் தப்பு பிள்ள. நம்பர் தப்பு. மன்னிச்சுக்கோ. மெஷின் ஒரு எழுத்த முழுங்கிருச்சு, நான் பாக்கல, நான்—”

“அத விடுங்க. முன்னால மலை தெரியுது. ஏறவா, எறங்கவா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு.”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் நான் இன்று சொன்ன ஒரே சரியான விடை.

“பதறாதிய அண்ணாச்சி. நான்”

அவ்வளவுதான். மலை மறைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்ட நேரத்தில் சரியான எண்ணைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

81ஆம் நாள், இரவு 8.20

தரையில் காதை வைத்துப் படுத்தேன். அதிர்வு இல்லை. அவள் மோதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவு தூரத்து அதிர்வு காதுக்கு எட்டுமா என்று என்னிடம் கேட்க இங்கே யாரும் இல்லை.

மலையைத் தாண்டி இருட்டுக்குழியில் இறங்கியிருந்தால் காலை ஆறு வரை காற்று இருக்கும். நாற்பத்து மூன்று கிலோமீட்டர், நடை. இப்போதே கிளம்பினால் ஐந்து, ஐந்தரைக்குப் போய்ச் சேரலாம்.

ஏறியிருந்தால் பத்து மணிக்கு என் தலைக்கு மேலே வந்து எண்ணைக் கேட்பாள். பதில் சொல்ல நான் இங்கே இருக்க வேண்டும். பத்து மணி வரை இருந்து, அவள் வராமல் போனால், அப்புறம் நடந்து பயன் இல்லை.

ரேடியோவைச் சுமந்து நடக்க முடியாது. அது சுவரோடு ஒட்டியது. நானும் ஓர் ஆள்தான். என் எடையைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்பார்கள்.

81ஆம் நாள், இரவு 8.45

மைக்கை பிரிண்டரின் தலைக்கு மேலே தொங்கவிட்டேன். ரேடியோவின் பேசும் பொத்தானை அழுத்தி, டேப் சுற்றிக் கட்டிவிட்டேன். பெட்டிக்குப் புது வேலை கொடுத்திருக்கிறேன்: ஏழு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. இடைவெளி. ஐந்து தட்டு. மறுபடி முதலிலிருந்து.

பூஜ்யத்துக்கு எப்படித் தட்டுவது என்று உட்கார்ந்துவிட்டேன். பிரிண்டருக்குள் ஒரு மணி இருக்கிறது, தாளில் கோளாறு என்றால் அடிப்பதற்கு. ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அந்த மணியை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கையில் எழுபத்தொன்று புள்ளி ஐந்து இருக்கிறது. நடுவில் மணி கேட்டால் புரிந்துகொள்வாள். சுற்றுப்பாதை மாறியிருந்தால் இந்த எண்ணும் பொய். எரிபொருள் எட்டுமா என்றும் தெரியாது. வேறு எண் என்னிடம் இல்லை.

உடை போட்டாயிற்று. சறுக்குப் பலகையில் நான்கு காற்று உருளைகள். போவதற்கு இரண்டு, அவளுக்கு இரண்டு.

ஒரு சிக்கல். தாள் தீர்ந்தால் இந்தப் பிரிண்டர் தட்டாது, நின்றுவிடும். சுருளில் மிச்சம் இருந்ததைத்தான் நான் கிழித்து, பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். வேறு தாள் இல்லை. எழுதியதையெல்லாம் நீளமாக ஒட்டி, முனையோடு முனை சேர்த்து வளையமாக்கி உள்ளே விடப்போகிறேன். சுற்றிச் சுற்றி வரும்.

ஆகவே, கண்டெடுப்பவரே, மறுபக்கத்தில் கருகருவென்று அடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எண்தான். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தால் அணைக்காதீர்கள். முதலில் மேலே கேளுங்கள். பிறகு இருட்டுக்குழிப் பக்கம் ஆள் அனுப்புங்கள். கையுறையோடு எழுத வரவில்லை. கடைசித் துண்டு இதுதான், ஒட்ட வேண்டும், தா